ஸ்டோரில் மெஷின் போட்டி: சண்டை வராமல் எப்படி நடத்துவது?

கேள்வி:

"ஐயா, தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராக (தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவராக) வேலை செய்கிறேன். தைப்பொங்கலை ஒட்டி வேலையாட்கள் எல்லோரும் கலந்துகொள்ளும்படி ஒரு நிகழ்ச்சி வைக்கச் சொல்லி துரை (தோட்ட மேனேஜர்) என்னிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறார். கையால் செய்த மெஷின்களுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. நல்ல யோசனை வந்தால் ஸ்டோருக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். செலவுக்கு 40,000 ரூபா தருவார். ஆனால் போன வருடம் நடந்த கிரிக்கெட் மெட்ச், ஆபிஸ்காரர்களுக்கும் வேர்க்ஷொப்காரர்களுக்கும் சண்டையாகி முடிந்தது. சிலர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தப் போட்டியை வைத்தால் வேர்க்ஷொப் ஆட்களே எல்லாப் பரிசையும் கொண்டுபோவார்கள், மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமார் கிட்டவே வரமாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. நடுவராக யாரைப் போடுவது? யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வது? சிநேகமாக நடத்தி முடிக்க வழி சொல்லுங்கள்."

பதில்:

தம்பி, தேயிலை ஸ்டோர் மெஷின்களோடு பழகுவதே என் தொழில், அதனால் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நடத்துங்கள், கைவிட வேண்டாம். நேரமும் நல்ல நேரம்தான். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போது இதையெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது, தை மாசத்தில் பனியும் வெயிலுமாகக் கொழுந்து குறையும், ஆட்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

நீங்கள் எழுதியிருக்கிற பயங்களில் முக்கால்வாசியைப் போட்டியின் விதியிலேயே தீர்த்துவிடலாம். "கையால் செய்த மெஷினைக் கொண்டு வாருங்கள், சிறந்ததுக்குப் பரிசு" என்று நோட்டீஸ் ஒட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வேர்க்ஷொப் பிட்டர் ஒருவர் வெல்டிங் போட்டு மோட்டார் வைத்து ஒன்றைக் கொண்டு வருவார். ஆபிஸில் ஒருவர் மகனுக்குக் கண்டியில் வாங்கிய சாமானைக் கழற்றி மாட்டி இன்னொன்றைக் கொண்டு வருவார். வேறொருவர் தேங்காய் துருவ ஏதோ செய்திருப்பார். அந்த மூன்றையும் வரிசையில் வைத்து எது சிறந்தது என்று சொல்ல வேண்டிய நடுவர் பாவம், அவர் எதைச் சொன்னாலும் அதற்கு அளவுகோல் கிடையாது. அளவுகோல் இல்லாத இடத்தில் தோற்றவர் "ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்" என்றுதான் நினைப்பார், ஏற்கனவே மனக்கசப்பு இருக்கிற இடத்தில் அப்படி நினைக்காமல் இருப்பது மிகவும் கஷ்டம். ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த நோட்டீஸே சண்டைக்கு இடம் வைத்துவிடுகிறது.

ஆகவே எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுங்கள். அந்த வேலை டேப் வைத்து அளக்கக்கூடியதாக இருக்கட்டும். நான் சிபாரிசு செய்வது பாரவண்டி. இரண்டு கிலோ மணலைத் துணிப்பையில் போட்டுத் தைத்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று கொடுக்கிறீர்கள். அந்தப் பை அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும், அப்படி இறங்குவதால் கிடைக்கிற சக்தியில் மட்டும் வண்டி ஓட வேண்டும், பையும் வண்டியிலேயே போக வேண்டும். மோட்டார் இல்லை, பெட்டரி இல்லை, ரப்பர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, கையால் தள்ளக்கூடாது. சமமான சீமெந்துத் தரையில் அதிக தூரம் போகிற வண்டி வென்றது. விதி இவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், யாருக்கும் புரியும்.

எளிதாகத் தெரிந்தாலும் இதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது. இரண்டு கிலோ அரை மீட்டர் இறங்கினால் கிடைக்கிற சக்தி பத்து ஜூல் கூட வராது. எந்தக் குழுவுக்கும் இதைவிட ஒரு துளி அதிகம் கிடையாது. வண்டியும் பையும் சேர்ந்து 4 கிலோ, சக்கரத்தில் உள்ள இழுவை அந்த எடையில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால், கணக்குப்படி வண்டி 5 மீட்டர் போய் நின்றுவிடும். இழுவையைப் பாதியாகக் குறைத்தால் அதே பை அதே வண்டியை 10 மீட்டர் கொண்டுபோகும். இழுவையை விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஒரு கிலோ குறைத்தால் ஆறரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதனால் பலமாகச் செய்தவரைவிட, அச்சு நேராக இருக்கிறதா, சக்கரம் எங்காவது உரசுகிறதா, நான்கு சக்கரமும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தவருக்குத்தான் வெற்றி. பழைய போல் பேரிங்கைக் கழுவி இறுகிப்போன கிரீஸை எடுத்துவிட்டாலே இரண்டு மீட்டர் கூட வரலாம். இது வேர்க்ஷொப் ஆளுக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை, பொறுமையும் கண்ணும் உள்ள யாருக்கும் வரும். நாளெல்லாம் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிற விரல்களுக்கு அந்தப் பொறுமையும் கண்ணும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு நுட்பமும் இருக்கிறது, இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பையிலிருந்து வரும் நூல் அச்சில் சுற்றியிருக்கும். பை இறங்க, அச்சு சுற்றும், சக்கரம் உருளும். அச்சு மெல்லியதாகவும் சக்கரம் பெரியதாகவும் இருந்தால் பை கொஞ்சம் இறங்கினாலும் வண்டி வெகு தூரம் போகும், ஆனால் தள்ளுகிற பலம் குறைந்துவிடும். மேலே சொன்ன கணக்கில் சக்கரத்தின் விட்டம் அச்சைவிடப் பத்து மடங்குக்கு வந்துவிட்டால் வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையாது. மாறாக அச்சைத் தடிப்பாக வைத்தால் வண்டி விறுவிறுவென்று கிளம்பும், பை தடாலென்று கீழே விழும், விழுந்த வேகத்தில் இருந்த சக்தி பலகையில் அடிபட்டு வீணாகும். பை மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கினால்தான் சக்தி முழுவதும் வண்டிக்குப் போய்ச் சேரும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைத் தேடுவதுதான் போட்டியின் உயிர். அதைக் கணக்குப் போட்டும் தேடலாம், அச்சில் துணியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தும் தேடலாம். இரண்டு வழியிலும் விடை வரும்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே மாதிரி ஒரு சாக்கு கட்டிக் கொடுங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1970-களில் வுடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் நடத்திய வடிவமைப்புப் போட்டி இதற்காகவே பேர் போனது. மாணவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதிரிச் சாமான்கள் நிறைந்த ஒரு பை, அதற்குள் இருப்பதை வைத்துத்தான் மெஷின் செய்ய வேண்டும். பணம் உள்ளவன், மாமா கடை வைத்திருப்பவன் என்ற வித்தியாசம் அந்தப் பையோடு முடிந்துபோகும். உங்கள் சாக்கில் என்ன போடலாம் என்றால், மூங்கில் துண்டு, பலகை, நான்கு போல் பேரிங், சைக்கிள் ஸ்போக் கம்பி, பழைய சீடி தட்டு, தகர டின் மூடி, பிவிசி பைப் துண்டு, தைக்கிற நூல் ஒரு உருண்டை, பழைய பெல்ட் துண்டு, ஆணி, பசை. வெளியே காசு கொடுத்து எதையும் வாங்கக்கூடாது, ஆனால் வீட்டில் கழித்துப் போட்ட சாமான் மூன்று வரை சேர்க்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். அந்த மூன்றில்தான் ஆளுடைய மூளை தெரியும்.

பழைய பேரிங், பெல்ட் எல்லாம் ஸ்டோர் கழிவில் இருக்கும்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். இருக்கும், ஆனால் கவனம். கழிவு இரும்பும் கம்பனிச் சொத்துத்தான். போட்டிக்கென்று ஒரு தொழிலாளி நல்ல மனதோடு ஒரு பழைய பேரிங்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது பிடிபட்டால், நிகழ்ச்சி அத்தோடு சரி, அந்த ஆளுடைய வேலைக்கும் ஆபத்து. கழிவிலிருந்து எதை எடுக்கலாம் என்று துரையிடம் எழுத்தில் வாங்கி, எடுத்ததை ஸ்டோர் புத்தகத்தில் பதிந்து, சாக்கோடு ஒரு கேட் பாஸும் கொடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டால் அடிபடப்போவது இருப்பவர்களில் மிகவும் எளிய மனிதர்.

குழு பிரிப்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்யுங்கள், எல்லோர் முன்னாலும். ஐந்து பேர் குழு என்றால் வேர்க்ஷொப்பில் ஒருவர், ஆபிஸில் ஒருவர், ஸ்டோரில் ரோலரிலோ (கொழுந்து உருட்டும் மெஷின்) தேயிலை சலிக்கிற இடத்திலோ நிற்பவர் ஒருவர், மலையில் இருவர். வகைக்கு ஒரு டின் வைத்துச் சீட்டு எடுத்தால் தானாகக் கலந்துவிடும். போன வருடம் எதிர்ப்பக்கம் நின்ற இரண்டு பேர் இந்த வருடம் ஒரே அச்சை நிமிர்த்திக்கொண்டிருப்பார்கள். சமாதானப் பேச்சு எதுவும் வேண்டாம், அவர்களே "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடி" என்று பேச ஆரம்பிப்பார்கள்.

பிட்டர்தான் எல்லாவற்றையும் செய்துவிடுவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்கு ஒரு விதி போதும். போட்டி நாளில் வண்டியை விடுவதும், அது எப்படி ஓடுகிறது என்று இரண்டு நிமிடம் எல்லோருக்கும் விளக்குவதும் மலையில் வேலை செய்பவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் பிட்டர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து செய்ய முடியாது, ஏன் அச்சில் துணி சுற்றினோம், ஏன் பின்சக்கரத்தைப் பெரிதாக்கினோம் என்று சொல்லிக் கொடுத்தே ஆகவேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுக்கும்போது "அதை இப்படி வைத்தால் என்ன?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், நல்ல வண்டிகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன. விளக்கம் தமிழிலும் இருக்கலாம், சிங்களத்திலும் இருக்கலாம். நோட்டீஸையும் இரண்டு மொழியிலும் ஒரே அளவு எழுத்தில் ஒட்டுங்கள்.

கொழுந்தெடுக்கும் அக்காமார் வரமாட்டார்கள் என்கிறீர்கள். ஏன் வரமாட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா? கூச்சம் என்று நாம் சொல்லிவிடுவோம், ஆனால் பாதி காரணம் நேரம். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு) போய், மலை ஏறி, அந்திக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளையின் பாடம். ஆறு மணிக்கு மேல் வேர்க்ஷொப் பக்கம் வந்து வண்டி செய்யுங்கள் என்றால் யார் வருவார்கள்? ஆண்கள்தான் வருவார்கள். ஆகவே துரையிடம் இதை உறுதியாகக் கேளுங்கள்: வண்டி செய்வதற்கு இரண்டு அரை நாள், வேலை நேரத்திலேயே, பேர் (அன்றைய சம்பளக் கணக்கு) குறையாமல். எட்டுக் குழுவென்றால் மலையிலிருந்து வருவது பதினாறு பேர்தான், கொழுந்து குறைந்த மாசத்தில் இது பெரிய இழப்பில்லை. துரை ஒத்துக்கொள்ளாவிட்டால் போட்டியைச் சின்னதாக வையுங்கள், குழுவைக் குறையுங்கள், ஆனால் பெண்களுடைய ஓய்வு நேரத்தை எடுத்து நடத்த வேண்டாம். மாதர் சங்கத் தலைவியிடமும் தோட்டத் தலைவரிடமும் முதல் கிழமையே போய்ப் பேசிவிடுங்கள், நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவர்களுக்கு மனம் ஒப்பாது.

வண்டிப் போட்டியோடு இன்னொன்றும் வைக்க ஆசைப்படுகிறேன், அதற்கு மார்க் கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. ஒரு நீள மேசை. வீட்டிலோ மலையிலோ தங்கள் தேவைக்குத் தாங்களே செய்துகொண்ட எதையும் அங்கே வைத்துக் காட்டலாம். அடுப்படியில் இருந்தபடியே தொட்டிலை ஆட்டுவதற்குக் கட்டிய கயிறு, மரக்கறித் தோட்டத்தில் பன்றியை விரட்ட மூங்கிலில் தண்ணீர் நிறைந்து சாய்ந்து தட்டுகிற தட்டி, காற்றில் சுற்றிச் சத்தம் போடுகிற தகர விசிறி, கூடையின் கயிறு நெற்றியை அறுக்காமல் இருக்கத் துணி மடித்து வைக்கிற விதம், எல்லாமே கண்டுபிடிப்புத்தான். சாமானைக் கொண்டுவர முடியாவிட்டால் படம் வரைந்து ஒட்டட்டும். செய்தவரின் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

பெயரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை எல்லோருக்கும் தெரியும். அவர் பிறகு தானே உருட்டு மெஷின் ஒன்றைச் செய்து ஓட்டினார், பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் அவருடைய பங்களா வராந்தாவில் மேசைகளைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை வைத்து அழுத்திக் கொழுந்தை உருட்டிய ஆட்கள் இருந்தார்கள். ரோலர் செய்கிற அந்த வேலையை முதலில் உடம்பால் கற்றவர்கள் அவர்கள். எவ்வளவு அழுத்தினால் இலை சுருளும், எவ்வளவுக்கு மேல் நொறுங்கும் என்று அந்தக் கைகளுக்குத்தான் தெரிந்திருக்கும். கண்டி ஹந்தானையில் இருக்கிற தேயிலை நூதனசாலைக்குப் போனால் டெய்லர் பாவித்த சாமான்களைப் பார்க்கலாம், பழைய ரோலர்களைப் பார்க்கலாம், உருட்டிய கைகளின் பெயர் அந்த மெஷின்களில் இல்லை. உங்கள் போட்டியில் ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் ஐந்து பெயர் முழுதாக, அவர்கள் சொன்ன எழுத்தில், இருக்கட்டும். "பிட்டர் குழு", "ஆபிஸ் குழு" என்று எழுத வேண்டாம்.

நடுவர் என்று ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை, அளப்பவர் இருந்தால் போதும். பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடுங்கள், வருவார். 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்போது தலவாக்கலையிலேயே இருக்கிறது, அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரையும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் டேப்பின் இந்த முனை, ஒருவர் அந்த முனை, எழுதுவது மூன்றாமவர், எழுதியதை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுத வேண்டும். குழுவுக்கு மூன்று முறை, மூன்றில் நல்லது கணக்கு. முதல் தடவை நூல் அறுந்தாலும் சக்கரம் கழன்றாலும் ஆள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆட்சேபம் இருந்தால் அடுத்த வண்டி ஓடுமுன் குழுத்தலைவர் மட்டும் சொல்லலாம், அளப்பவர்கள் சொன்னது முடிவு. தூரத்தை முன்சக்கரம் நின்ற இடத்திலிருந்து அளப்பதா பின்சக்கரத்திலிருந்தா, வண்டி கோணலாகப் போனால் நேர்தூரமா ஓடிய தூரமா என்பதையெல்லாம் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், சண்டை வருவது இந்த மாதிரிச் சின்ன இடத்தில்தான். நான் நேர்தூரம் என்றே வைப்பேன், அப்போது வண்டியை நேராக ஓட வைப்பதும் ஒரு திறமையாகிவிடும்.

துரை அளக்கவும் வேண்டாம், தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். அவருக்கு விருப்பம் இருந்தால் சீட்டில் அவர் பெயரையும் போட்டு ஒரு குழுவில் சாதாரண ஆளாகச் சேருங்கள். தலைவராக வேண்டாம். துரை தரையில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதே அந்தக் குழுவுக்கு ஒரு பரிசு.

அடிபடுவதைப் பற்றி. மின்சாரமும் பெட்ரோலும் கேஸும் எறிகிற பொருளும் இல்லாத போட்டியாக இதைச் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான். மிச்ச ஆபத்து வெட்டுவதிலும் துளைப்பதிலும் இருக்கிறது. கிரைண்டர், டிரில், வெல்டிங் மூன்றையும் வேர்க்ஷொப் ஆட்கள் மட்டும், குறித்த நேரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்து கொடுக்கட்டும், எந்தக் குழு கேட்டாலும் வரிசைப்படி. சேலைத் தலைப்பு, சால்வை, விரித்த முடி எதுவும் சுற்றுகிற சாமான் பக்கத்தில் வரக்கூடாது, உங்கள் ஸ்டோரில் ரோலர் பக்கத்தில் இருக்கிற அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும். பிள்ளைகள் பார்க்க வருவார்கள், அவர்களுக்குக் கயிறு கட்டி ஒரு இடம் ஒதுக்குங்கள். முதலுதவிப் பெட்டியோடு ஒருவர் வேறு வேலை இல்லாமல் நிற்க வேண்டும். இது கம்பனி நடத்துகிற நிகழ்ச்சி, இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் பங்குபற்றுகிறார்கள் என்று கம்பனித் தலைப்புக் கடிதத்தில் துரையின் கையெழுத்தோடு இருக்கட்டும். 1934-இலிருந்து வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, ஆனால் விளையாட்டு நேரத்தில் பட்ட அடி வேலையில் பட்டதா என்று பிறகு யாராவது கேள்வி கேட்டால் அந்தக் கடிதம்தான் தொழிலாளிக்குத் துணை நிற்கும்.

இடம் ஸ்டோருக்குள் வேண்டவே வேண்டாம். மழை வந்தால் உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆணியும் கம்பித் துண்டும் மணலும் தேயிலை இருக்கிற இடத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று உதவி டீமேக்கருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரட்டுக்களம் சீமெந்துத் தரையாக இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் பாடசாலை மண்டபம். தரை கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்திருந்தாலும் பரவாயில்லை, எல்லா வண்டியும் ஒரே கோட்டில் ஒரே திசையில் ஓடினால் போதும், சரிவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது, "நல்ல யோசனை வந்தால் ஸ்டோருக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்று துரை சொன்னது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். தொழிலாளியின் யோசனைக்கு மதிப்புக் கொடுத்த நிறுவனங்கள் பழைய காலத்திலிருந்தே உண்டு. ஸ்கொட்லாந்தில் டம்பார்டன் என்ற ஊரில் கப்பல் கட்டிய டென்னி நிறுவனம் 1880-இலேயே தொழிலாளர் செய்த கண்டுபிடிப்புகளுக்கும் திருத்தங்களுக்கும் பணப் பரிசு கொடுக்க ஒரு குழு அமைத்தது. ஜப்பானில் டொயோட்டா 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். ஆனால் அதையும் இந்த விளையாட்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கம்பனிக்கு லாபம் தரும் யோசனை தேடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள், மீதிப்பேர் துரைக்குப் பிடித்ததைச் செய்வார்கள். போட்டி நாளில் ஸ்டோரைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒருவேளை அந்த நீள மேசையில் உண்மையாகவே பயன்படக்கூடிய ஒன்று வந்துவிட்டால்? கொழுந்து அள்ளுவதற்கோ கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி) தீட்டுவதற்கோ யாரோ ஒருவர் அருமையான ஒன்றைச் செய்து வைத்திருக்கலாம், நடக்காத காரியமில்லை. அப்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன செய்தார், எப்போது செய்தார், யார் சாமானில் செய்தார் என்று எழுதித் தேதி போட்டு இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். நம் நாட்டில் காப்புரிமையைப் பார்ப்பது தேசிய புலமைச் சொத்து அலுவலகம், 2003-இன் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். காப்புரிமை கிடைத்தால் 20 வருடம் வரை. புதியதாக இருப்பதுதான் அதற்கு முதல் நிபந்தனை, அதனால் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். வேலை நேரத்தில் கம்பனிச் சாமானில் செய்தது என்றால் கம்பனிக்கும் அதில் உரிமை வரக்கூடும், அதனால்தான் யார் சாமான் என்று எழுதச் சொன்னேன். கண்டுபிடிப்பவர்களுக்கு வழிகாட்டவென்றே 1979-இன் 53ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த இலங்கை கண்டுபிடிப்பாளர்கள் ஆணைக்குழுவும் இருக்கிறது, அவர்களிடம் விசாரிக்க நீங்களே அவருக்குத் துணையாகப் போகலாம். விண்ணப்பம் நிரப்புவதும் கொழும்புக்குப் போவதும் லயத்தில் இருக்கிற ஒருவருக்கு எவ்வளவு பெரிய மலை என்று உங்களுக்குத் தெரியும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். 40,000-இல் முதல் பரிசுக்கு 20,000 என்று வைத்துவிடாதீர்கள். பரிசு பெரிதானால் ஒரு மீட்டர் குறைந்ததற்கும் ஆள் கோபப்படுவார். பாதிக்கு மேல் சாக்குச் சாமானுக்கும் அன்றைய பிளேன்டீ, பணிஸ் செலவுக்கும் போகட்டும். மதியச் சாப்பாட்டைத் துரை தனியாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். வென்ற குழுவுக்கு ஐந்து பேருக்கும் ஒரே அளவான ஒரு சாமான், வீட்டுக்குப் பயன்படுகிற மாதிரி, நல்ல டோர்ச் லைட் அல்லது பிளாஸ்க் போதும். பங்குபற்றிய எல்லோருக்கும் பெயரெழுதிய சான்றிதழ், அதைப் பிள்ளைகள் பார்க்கும்படி சுவரில் மாட்டுவார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் கடைசியில் எல்லாக் குழுவும் சேர்ந்து ஒன்று செய்யலாம். அமெரிக்காவில் ரூப் கோல்ட்பர்க் என்ற கார்ட்டூன் ஓவியர், ஒரு சின்ன வேலையைச் சுற்றிச் சுற்றிப் பத்துப் படியில் செய்கிற மெஷின்களை வரைந்து பேர் வாங்கினார். அந்த மாதிரி மெஷின் செய்யும் போட்டியை பர்டூ பல்கலைக்கழகத்தில் 1949-இல் இரண்டு மாணவர் சங்கங்கள் தொடங்கின. நீங்கள் போட்டியாக வைக்க வேண்டாம், கூட்டு வேலையாக வையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தரையில் ஒரு மீட்டர் இடம். முதல் குழுவின் கோலிக்குண்டு உருண்டு ஒரு பலகையைத் தட்டும், அது அடுத்த குழுவின் டின்னைச் சாய்க்கும், அது அடுத்ததை இழுக்கும், கடைசிக் குழு பெரட்டு மணியை அடிக்க வேண்டும். ஒரு குழுவின் வேலை எங்கே முடியும், அடுத்தது எங்கே தொடங்கும் என்று பக்கத்துக் குழுவோடு பேசாமல் இதைச் செய்யவே முடியாது. ஏழு குழு சரியாகச் செய்து எட்டாவது தவறினாலும் மணி அடிக்காது, அதனால் தன் பகுதி முடிந்தவரெல்லாம் அடுத்தவர் பகுதிக்குப் போய் உதவ ஆரம்பிப்பார்கள். முதல் தடவையிலேயே மணி அடித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

போட்டிக்கு ஒரு கிழமை முன்னால் ஒரு ஒத்திகை கட்டாயம் வையுங்கள், எல்லா வண்டியும் ஒரு தடவையாவது ஓடட்டும், அளக்க வேண்டாம். அசையாத வண்டி எது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும், திருத்த ஒரு கிழமை இருக்கும். துரையின் கடிதம், கேட் பாஸ், இரண்டு அரை நாள் பேர், இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகே நோட்டீஸை ஒட்டுங்கள். அளக்கும் முறையை எழுதும்போது சந்தேகம் வந்தால் நோட்டீஸின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.